துரை சொன்ன பெர்னிக்கெட்டி

ஈப்போவில் என்னை எல்லாரும் தம்பி என்கிறார்கள். பக்கத்து மளிகைக் கடைச் சீனர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் படியேறும்போதே "தம்பி, மாவ் ஆப்பா?" என்பார். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்கிறார். மலாய்ப் போலீஸ்காரருக்கும் நான் தம்பி. மோட்டாரைவிட்டு இறங்காமல் கைதட்டி அழைக்கும் வெள்ளைக்காரச் சீமாட்டியின் வாயில் அது 'டாம்பி' ஆகிவிடும். பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கிய அன்று முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்தவனை யாரோ உடன்பிறந்தவனாக அழைக்கிறார்களே என்று நினைத்தேன். இந்த நாட்டில் தம்பி என்றால் ஆபீசில் கடிதம் கொண்டு போகிற, கதவு திறந்துவிடுகிற தமிழன் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் வீட்டுச் சொல் ஒன்று கடல் தாண்டி வந்து இங்கே வேறு வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. அதிலிருந்து சொற்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று. ஒருவர் சிரித்துக்கொண்டே எதையாவது சொன்னால் சொன்னதை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பார்ப்பேன்.

இந்தச் சந்தேகக் குணம் கப்பலேறி வந்தவர்கள் பலருக்கும் உண்டு. ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு அது விளங்காமல் போகலாம். அங்கே ஒருவர் நம்மை ஏசினால் ஏசுகிறார் என்று தெரியும், மெச்சினால் மெச்சுகிறார் என்று தெரியும். இங்கே அப்படி இல்லை. நாலு பாஷை புழங்கும் இடத்தில், நமக்குப் பாதி விளங்கிய ஒரு சொல் முழுதும் விளங்காத சொல்லைவிடப் பொல்லாதது. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் டிரஸராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவனாக, இருந்தபோது அப்படி ஒரு சொல்லிடம் மாட்டிக்கொண்டேன். அதனால் என்ன நடந்தது என்பதை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தரங்கம்பாடிக்காரன். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் பழகியவன். அந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை கோவிந்தன் என்ற பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள். ஒருவருடைய மருந்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். மருந்து மாறிக் குடித்தவர் இரண்டு நாள் கிடந்து பிழைத்துக்கொண்டார், அந்த இரண்டு நாளும் நான் அவர் கட்டிலைவிட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு யார் மருந்துக்கு வந்தாலும் பேர், தகப்பன் பேர், தெரு, வீடு, என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. பினாங்கில் இறங்கியதும், நோய் ஏதும் கொண்டுவந்திருக்கிறோமா என்று பார்க்க ஜெரெஜாக் தீவில் ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு எங்களை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கருப்பையா மட்டுமே நாலு பேர் இருந்தார்கள். மாரியாயி எத்தனை பேர் என்று எண்ணி முடியவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி எனக்கு. ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துக் கோடு போட்டு, எந்த லயம், அதாவது எந்தக் கூலி வீட்டு வரிசை, வீட்டு நம்பர், தண்ணீர் எடுக்கிற கிணறு என்று தனித்தனிக் கட்டம் அமைத்தேன்.

சனங்களுக்கு இது சலிப்பாக இருந்தது. அவர்களில் வாய்த்துடுக்கு மிகுந்தவள் அங்கம்மா. புதுக்கோட்டைப் பக்கம். புது லயத்தில் கணவர் கருப்பையாவோடும் ஏழு வயது மகள் செல்லாயியோடும் இருந்தாள். ரப்பர் மரம் சீவுகிற உளி விரலில் பட்டு வந்தவளிடம் வீட்டு நம்பர் கேட்டேன். அவள் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "வெரலுக்கு மருந்து கேட்டு வந்தா வம்சம் கேக்குறாரு. சரியான நொரநாட்டியம் புடிச்ச மனுசன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது, அதனால் அதில் ஒரு வலியும் இல்லை. அதற்குப் பிறகு லயத்தில் எனக்கு அதுவே பேராகிவிட்டது. நொரநாட்டிய டிரஸர்.

நான் போய் ஏழெட்டு மாதம் கழித்துக் கீழ் லயத்தில் இரத்தக்கடுப்பு கண்டது. பத்து நாளில் பதினோரு பேர். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தேன். பதினோரு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள். மேல் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஒருவருக்கும் நோய் இல்லை. இதை ஒரு பக்க அளவில் ஆங்கிலத்தில் எழுதித் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் பெரிய துரையே சின்னத் துரையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டுப் பழகிய ஆங்கிலம் வழுவழுவென்று ஓடும். இவருடைய ஆங்கிலமோ சரளைக்கல் மேல் கட்டை வண்டி போவதைப் போல இருக்கும். பாதி காதில் விழும், பாதியை நான் ஊகிக்க வேண்டும். நின்றபடியே பதிவேட்டைப் புரட்டினார். 'ஒன்பதாம் வீடு, கீழ்க் கிணறு, செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆறு தடவை, பழஞ்சோறு உண்டபின்' என்று நான் எழுதியிருந்த வரியைச் சின்னத் துரைக்கு உரக்க வாசித்துக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது: பெர்னிக்கெட்டி. சின்னத் துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். இரண்டு பேரும் போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் தச்சர்கள் வந்து கீழ்க் கிணற்றின் மேல் பலகை அறைந்து மூடினார்கள். என் எழுத்தை நம்பித்தான் அதைச் செய்தார் என்று அன்றே நான் உணர்ந்திருக்க வேண்டும். என் காதில் நின்றது அந்தச் சொல்லும் அந்தச் சிரிப்பும்தான்.

என்னிடம் ஒரு சின்ன அகராதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது, பாக்கு நிற அட்டை. மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு ஒருவரும் மருந்துக்கு வராத நேரத்தில் அதை எடுத்து வைத்துத் தேடினேன். அந்தச் சொல் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் 'பெர்னிஷஸ்' என்ற சொல் இருந்தது. நாசம் விளைவிக்கிற, கொடிய, என்று பொருள் போட்டிருந்தது. அது எனக்குப் புதிய சொல்லும் அல்ல. மலேரியா மூளைக்கு ஏறி இரண்டே நாளில் ஆளைக் கொண்டு போகிறதே, அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் தொழிலில் அப்படித்தான் பேர். அகராதியின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே வேரில் முளைத்த இரண்டு சொற்களாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. துரை என்னைப் பார்த்து நாசகாரன் என்ற அர்த்தத்தில்தான் ஏதோ சொல்லியிருக்கிறார்.

காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வாங்க வந்த இராமசாமிக் கங்காணியிடம், யாரைப் பற்றி என்று சொல்லாமல், அந்தச் சொல்லைக் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தெரியாத விஷயம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

"கெட்டின்னு காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. ஆனா அது இங்கிலீஷ் வார்த்தைங்க, கங்காணி."

"தொரைக்குத்தான் தமிழ் தெரியும்லா. கெட்டிக்காரன்னு சொல்லியிருக்காரு. ஒங்களத்தானே? போயி நல்லாச் சாப்பிடுங்க."

அதை நம்பிக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆபீசுத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணியிடம் போனேன். சபாரத்தினம் என்று பேர், யாழ்ப்பாணத்தவர், தோட்டத்துக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவர் கையில். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், வேலைக்கு வரவில்லை என்று அவர் குறித்த ஆள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான் என்று என் பதிவேடு ஒன்றிரண்டு முறை காட்டியிருந்தது. அதில் அவருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நான் சொல்லைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். கூரையைப் பார்த்தார்.

"எங்கே கேட்டனீங்கள்?"

"பெரிய துரை சொன்னார். என்னைப் பற்றி."

"அது நல்ல சொல் இல்லை, டிரஸர். கவனமா இருங்கோ."

"என்ன அர்த்தம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

"அதை நான் சொல்லப்படாது," என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் கண்டதெல்லாம் அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்லிற்று. ஒருநாள் பெரிய துரை என் வயதைக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குள் ஒரு வாரம் ஓடியது. சின்னத் துரை மருந்து அலமாரிச் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என்னிடத்தில் வேறு ஆளைப் போடப் போகிறார்கள், அதற்குத்தான் சாமான்களைச் சரி பார்க்கிறார் என்று நினைத்தேன். கடிதப் பை வரும் நாட்களில் சபாரத்தினம் என் பக்கம் பார்க்காமல் போனால் கடிதத்தில் ஏதோ இருக்கிறது. பார்த்துப் போனாலும் இருக்கிறது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அதைத்தான் செய்தேன். தரங்கம்பாடியில் இருந்தால் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அங்கே வேலை போனால் வீடு இருக்கிறது. இங்கே வேலை போனால் படுத்திருக்கிற கட்டிலும் சேர்ந்து போய்விடும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். துரைக்கு என் எழுத்து பிடிக்கவில்லை. அவர் சிரித்ததே அந்த வீட்டு நம்பரைப் பார்த்துத்தானே. எழுதாவிட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு திங்கட்கிழமை காலையில், கட்டங்களை வெறுமையாக விட்டு, பேரும் 'காய்ச்சல்' என்பதும் மட்டும் எழுதினேன். அடுத்தவருக்குப் பேரும் 'வயிறு' என்பதும். மூன்று வாரம் அப்படியே போயிற்று. வேலை சீக்கிரம் முடிந்தது. வரிசையில் நின்றவர்களுக்கும் சந்தோஷம். யாருக்கும் தொல்லை இல்லாத மனிதனாக ஆகிவிட்டேன் என்று எனக்கும் ஒரு நிம்மதி.

அந்த மூன்று வாரமும் நல்ல மழை. கீழ்க் கிணறு மூடிக் கிடந்ததால் தோட்டம் முழுதும் மேல் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. அதற்கு மேலே சரிவில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. மழையில் அதன் வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் அங்கம்மா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை. நான் விளக்கெண்ணெயை அளந்து கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் 'அங்கம்மா, வயிறு' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் நகராமல் நின்றாள்.

"என்னங்கய்யா, இன்னைக்கி எந்த வீடுன்னு கேக்கல?"

"எனக்குத்தான் தெரியுமே."

"எத்தன தடவன்னும் கேக்கலயே. ரத்தமாப் போவுதுங்க."

பின்னால் இருபது பேர் நின்றார்கள். "மருந்தைக் குடிச்சிட்டு நாளைக்கு வா," என்றேன். "ஐயாவுக்கு நொரநாட்டியம் தெளிஞ்சிருச்சு," என்று அவள் மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரம் அவளுக்கு முன்னால் புது லயத்திலிருந்தே ஐந்து பேர் அதே நோயோடு வந்து போயிருந்தார்கள். இரத்தம் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த வீடு, என்றைக்கு ஆரம்பித்தது என்று கட்டங்கள் நிரம்பியிருந்தால், மேல் கிணறு கெட்டுவிட்டது பார்த்ததுமே தெரிந்திருக்கும். கட்டங்கள் நிரம்பவில்லை.

மறுநாள் அவள் நடந்து வரவில்லை. கருப்பையா தோளில் போட்டுத் தூக்கி வந்தார். ஊசி போட்டேன், உப்புத் தண்ணீர் ஏற்றினேன், தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். மூன்றாம் நாள் முற்பகலில், மழை கூரையில் விழுந்துகொண்டிருக்கையில், போய்விட்டாள். அதே வாரம் இன்னும் இரண்டு பேர் இறந்தார்கள். தோட்டத்து இடுகாட்டில் தண்ணீர் தேங்கி நின்றதால் அங்கம்மாவை ஆறாம் தீம்பாரில் புதைத்தார்கள். வெட்டுக்காட்டை இங்கே தீம்பார் என்பார்கள். ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவில் குழி வெட்டினார்கள். செல்லாயி அழவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குழி வெட்டியவர்களுடைய மண்வெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று சாவு என்றதும் பக்கத்துப் பட்டணமான தாப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் விசாரணைக்கு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டு அவரையும் பெரிய துரையையும் உட்காரவைத்தேன். நான் எட்டி நின்றேன், சபாரத்தினம் கடிதக் கட்டோடு பக்கத்தில் நின்றார். எந்த லயத்தில் ஆரம்பித்தது, எந்தத் தண்ணீர் என்று டாக்டர் கேட்டார். பெரிய துரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னது இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. "அதைப் பற்றிக் கவலை வேண்டாம், டாக்டர். என் டிரஸர் ஒரு பெர்னிக்கெட்டி ஆள். வீட்டு நம்பரும் கிணறும் எத்தனை மணி என்பதும் எழுதி வைத்திருப்பார். டிரஸர், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவாரும்." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை நான் எப்படிச் சொல்வது? தன் வீட்டுக் கடிகாரம் நல்ல கடிகாரம் என்று விருந்தாளியிடம் காட்டுகிறவருடைய முகம் அது.

பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் முன்பக்கங்களைப் புரட்டினார். கீழ்க் கிணற்றுக் காலத்துப் பக்கங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். வயிறு, காய்ச்சல், வயிறு, வயிறு. கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. பெரிய துரை எட்டிப் பார்த்தார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானும் புரட்டினார்.

"வீட்டு நம்பர்கள் எங்கே?"

"எழுதவில்லை, ஐயா."

"ஏன்?"

"ஐயாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்."

"எனக்கா? எப்போது சொன்னேன்?"

அந்தச் சொல்லைச் சொன்னேன். நான் சொன்ன விதம் அவருக்கு விளங்கவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். அதற்குப் பொருள் என்னவென்று நினைத்தீர் என்று டாக்டர்தான் மெதுவாகக் கேட்டார். பெர்னிஷஸ் என்ற சொல்லைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது வேறு, இது வேறு," என்றார். "இது இவருடைய ஊர்ச் சொல். சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் ஊசிமுனை அளவுக்குச் சரி பார்க்கிற ஆளைச் சொல்வது. கூட இருப்பவனுக்கு எரிச்சல் வரும். அவன் இல்லாவிட்டால் வேலை கெடும். அப்படிப்பட்ட ஆளை." பெரிய துரை எழுந்து வராந்தாவின் ஓரத்துக்குப் போய் மழையைப் பார்த்தபடி சொன்னார்: "என் அம்மா என் அப்பாவை அப்படித்தான் சொல்வாள். தினமும் சொல்வாள்."

அன்று முழுதும் டாக்டர் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் கேட்டு, நான் எழுதியிருக்க வேண்டியதைத் தானே எழுதினார். சாயங்காலம் மேல் கிணற்றையும் மூடினார்கள். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி லயத்துக்கு வண்டியில் அனுப்பினார்கள். நோய் நின்றது. பெரிய துரை என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை, ஏசவும் இல்லை. நான் மறுபடி எல்லாக் கட்டத்தையும் நிரப்பி எழுதினேன். அவர் வந்து பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போவார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு என் சந்தேகம் போயிற்றா என்றால், முழுதும் போகவில்லை. அன்று டாக்டர் முன்னால் தோட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற என் பதிவேடு வேண்டியிருந்தது, அதனால் அந்தச் சொல் மெச்சும் சொல்லாயிற்று. முதல் தடவை சொன்னபோதும் அப்படித்தானா? அந்தச் சிரிப்பு எதற்கு? அங்கம்மா நொரநாட்டியம் என்றபோதும் எல்லாரும் சிரித்தார்களே, அதை ஏன் நான் பொறுத்துக்கொண்டேன்? அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று என் பாஷையில் வந்தது, மற்றது என்மேல் அதிகாரம் உள்ளவரின் பாஷையில் வந்தது. சபாரத்தினமும் ஒருநாள் தானே ஆஸ்பத்திரிக்கு வந்து, நோய் ஒன்றும் இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கும் அண்டைக்கு அர்த்தம் தெரியாது, டிரஸர். இருபது வருசமா இங்கிலீசிலை கடிதம் எழுதிறன். தெரியாது எண்டு சொல்ல வெட்கமாக் கிடந்தது." அவர் என்னைப் பயமுறுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று அதுவரைக்கும் நம்பியிருந்தேன். அவரும் என்னைப் போல ஒரு சொல்லுக்கு முன்னால் பயந்து நின்றவர்தான்.

கருப்பையாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். செல்லாயியை ஊருக்குப் போகிற சொந்தக்காரர்களோடு புதுக்கோட்டைக்கு, அங்கம்மாவின் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அங்கம்மாகிட்ட நான் எதையும் கேக்கல, கருப்பையா. அதுக்கு முந்தி வந்தவங்ககிட்டயும் கேக்கல. கேட்டு எழுதியிருந்தா அந்தக் கெணத்த ஒரு வாரம் முந்தியே மூடியிருப்பாங்க."

அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. "மூடியிருந்தா பொழச்சிருப்பாளாங்க?"

"பொழச்சிருக்கலாம்."

"லாமா, நிச்சயமாவா?"

"நிச்சயமாத் தெரியல."

உளியை வெளிச்சத்தில் தூக்கிக் கூர் பார்த்தார். "அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதுல்ல." வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புள்ளைக்கு மாசம் ஒரு காயிதம் போடணும். அத எழுதிக் குடுங்க." மன்னித்தாரா, தண்டித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நான் அந்தத் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். புறப்படும்போது பெரிய துரை நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நேர்மையானவர், குடிக்காதவர், வேலை திருப்தி என்று இருந்தது. ரயில் ஏறி உட்கார்ந்து அதை மூன்று தடவை வாசித்தேன். அந்தச் சொல் இல்லை. ஒரு காலத்தில் எந்தச் சொல்லைக் கண்டு பயந்தேனோ அதைத் தேடி ஒரு காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பையாவுக்கான கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. சுங்காயிலிருந்து யாராவது வந்தால் அவர் சொல்லியனுப்புவார், நான் எழுதித் தபாலில் சேர்ப்பேன். பதில் என் பேருக்கு வரும். முதலில் யாரோ பெரியவர்கள் எழுதியதாக வந்தது. பிறகு செல்லாயியே பள்ளிக்கூடம் போய், பெரிய பெரிய எழுத்தாக எழுத ஆரம்பித்தாள்.

போன மாதம் வந்த கடிதத்தில் அவள் ஒன்று கேட்டிருந்தாள். 'ஆத்தாளைப் புதைத்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்து போச்சு. சித்தி கிழக்கே பார்த்துக் கும்பிடச் சொல்கிறாள். கிழக்கே ரொம்ப இடம் இருக்கிறது. எந்த இடம் என்று சரியாக எழுதவும்.'

ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துச் சுங்காய்க்குப் போனேன். முன்பே சொல்லியனுப்பியிருந்ததால் கருப்பையா ஸ்டேஷனில் காத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "கெழக்குன்னு எழுதுனாப் போதுங்கய்யா, சின்னப் புள்ள," என்றார். போதாது என்றேன். இரண்டு பேரும் ஆறாம் தீம்பாருக்கு நடந்தோம். ரோட்டோரத்துச் சாக்கடையிலிருந்து வரிசையை எண்ணிக்கொண்டு போனேன். கருப்பையா நின்று காட்டிய இடம் பதினேழாம் வரிசை, உள்ளே நாலாவது மரம். கருப்பையா தனியாக எண்ணிவிட்டுப் பதினெட்டு என்றார். "பட்டுப்போன வரிசையச் சேத்து எண்ணுனீங்களா?" என்று கேட்டேன். "மரம் பட்டாலும் வரிச வரிசதானே," என்றார். அதுவும் நியாயம்தான். திரும்பச் சாக்கடைக்குப் போய், பட்ட மரங்களையும் சேர்த்து, இரண்டு பேரும் ஒன்றாக எண்ணி வந்தோம். பதினெட்டு. மண் சமமாகிவிட்டிருந்தது. நான் மடியில் வைத்துக் கடிதத்தை அங்கேயே எழுதினேன். சுங்காய் ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தச் சாக்கடை, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது மரம், மரத்தில் எந்தப் பக்கம் வெட்டு இருக்கிறது. கடல் தாண்டியிருக்கிற ஒரு பிள்ளை நடந்தே வந்து சேர்ந்துவிடலாம் என்கிற மாதிரி எழுதினேன்.

எழுதி மடித்த பிறகு கருப்பையா கேட்டார்: "இங்கேருந்து நம்ம ஊரு எந்தப் பக்கங்க?"

மேற்கு என்பது எனக்குத் தெரியும். மேற்கு எது என்பது தெரியவில்லை. உச்சிப்பொழுது, வானம் முழுதும் ஒரே மேகம், சூரியன் இருக்கிற இடம் புலப்படவில்லை. நாலு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசைகள், எந்த வரிசை வழியாகப் பார்த்தாலும் அதன் முடிவில் ஒரே மாதிரி இருட்டு. வந்த வழியை நினைத்துப் பார்த்தேன், இடமும் வலமுமாகத் திரும்பியதெல்லாம் கடிதத்தில் இருந்தது, எந்தத் திசையைப் பார்த்துத் திரும்பினோம் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் கையை நீட்டினேன். அவர் நம்பி அந்தப் பக்கமாகத் திரும்பி, மகளுடைய ஊர் மரங்களுக்கு அப்பால் தெரிகிறதுபோல நின்றார். நானும் அவர் பக்கத்தில் போய் அதே பக்கம் பார்த்து நின்றேன்.